கார்த்திகையில் கட்டிய காப்பு

“கையை நீட்டுங்க” என்று பூசாரி மறுபடியும் சொன்னார்.

பழனியாண்டி நீட்டவில்லை. வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். பூசாரியின் கையில் பாக்கு நறுக்கும் கத்தி இருந்தது. காலடியில் ஒரு கிண்ணத்தில் பால். கூடத்தின் நடுவில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் சவப்பெட்டியை வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் அவனுடைய அக்கா காமாட்சி கிடந்தாள். காலையில்தான் மூச்சு நின்றது. வெயில் சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். இந்தத் தீவில் மார்கழிதான் கோடை; அந்த வெக்கையில் தகரக் கூரைக்குக் கீழே உயிருள்ளவர்களுக்கே இருப்புக் கொள்ளாது.

“காப்போட பொணத்தத் தொடக் கூடாது” என்றார் பூசாரி. “வாய்க்கரிசி போடணும், மண்ணு தள்ளணும். உங்கள விட்டா யாரு இருக்கா? புருஷன் எப்பவோ போயாச்சு. புள்ள இல்ல. அறுத்துட்டு ஆக வேண்டியதப் பாப்போம். முருகன் கோவிச்சுக்க மாட்டார்.”

“முருகனப் பத்தி எனக்குக் கவல இல்ல.”

“பின்ன?”

பழனியாண்டி கயிற்றை மறு கையால் பொத்திக்கொண்டான். கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஜோசெட் தலையை நிமிர்த்தினாள். அவள் உடுப்பின் முன்பக்கம் முழுக்கக் காமாட்சியின் எச்சில் காய்ந்திருந்தது. அதை மாற்றக்கூட அவள் வீட்டுக்குப் போகவில்லை.

“காலையிலயும் இப்படித்தான் நின்னான்” என்றாள் ஜோசெட். “தந்திக் கம்பம் மாதிரி. கூடப் பொறந்தவ மூச்சுக்குத் தவிக்கிறா, இவன் வாசல்ல நின்னு என்னப் பேர் சொல்லிக் கூப்புடுறான். நாய வச்சிருக்கவன்கூட நாய் சாகும்போது தடவிக் குடுப்பான்.”

யாரும் அவளை அடக்கவில்லை. சொன்னது உண்மை.

காமாட்சிக்கு இழுப்பு நோய். மழைக்காலத்தில் அதிகமாகும். காலையில் பழனியாண்டி வெந்நீர் எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு வந்தபோது அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். வாய் திறந்திருந்தது. காற்று உள்ளே போகவில்லை. அவனைப் பார்த்ததும் ஒரு கையை நீட்டினாள். அவன் ஒரு காலை உள்ளே வைத்தான். அப்போது வெந்நீர்ச் சொம்பைப் பிடித்திருந்த கையில் மஞ்சள் கயிறு கண்ணில் பட்டது.

இவள் இப்போது என் மடியில் போனால் இதை அறுத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அவ்வளவுதான். அதற்குமேல் ஒன்றும் தோன்றவில்லை. வைத்த காலை எடுத்துக்கொண்டான். சொம்பைத் தரையில் வைத்துவிட்டு வேலிக்கு ஓடி, ஜோசெட், ஜோசெட் என்று கத்தினான். அவள் மாவுக் கையோடு ஓடி வந்தாள். காமாட்சியை அள்ளி நெஞ்சில் சாய்த்து முதுகைத் தேய்த்தாள். நீட்டிய கையைக் காமாட்சி கடைசிவரை மடக்கவில்லை. ஜோசெட்டின் தோளுக்கு மேலாக அது வாசல் பக்கமே நீண்டிருந்தது.

இதை எப்படி விளக்குவது? அக்காவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் அக்காவைத் தொடவில்லை என்று பூசாரியிடம் சொல்ல முடியுமா? ஜோசெட்டிடம் சொன்னால் செருப்பைக் கழற்றுவாள்.

பழனியாண்டிக்குத் துப்பாக்கிப் பைத்தியம். செமின் கிரனியே ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். கரும்புத் தோட்டத்தில் வண்டிகளை எடை போடுகிற வேலை அவனுக்கு. பதினாறு வயதில் வெள்ளைக்காரத் துரைமார் மான் வேட்டைக்கு வரும்போது தகரம் தட்டி மான் விரட்டப் போனான். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஒரு துரை, இதைக் கொஞ்சம் பிடி என்று தன் துப்பாக்கியைக் கையில் கொடுத்துவிட்டு ஒயின் குடிக்கப் போய்விட்டார். அந்த எடை, எண்ணெய் வாசனை, உள்ளங்கையில் உட்கார்ந்த அந்தக் கட்டை. அன்றைக்குப் பிடித்தது. சுடுவதில் அவன் பெரிய ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் அவன் குறிக்கு விழுந்த மான்கள் குறைவு. அவனுக்கு வேண்டியிருந்தது வேறு. இரட்டைக் குழலை மடக்கிப் பூட்டும்போது ஒரு சத்தம் வரும். நல்ல துப்பாக்கி என்றால் அது சத்தமாகவே இருக்காது, யாரோ வாயை மூடிக்கொண்டதுபோல் இருக்கும். அதைக் கேட்டுவிட்டால் அவனால் வெறுங்கையோடு திரும்ப முடியாது.

வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு அவன் ஒருநாளும் போனதில்லை. சைக்கிளுக்கு டயர் வாங்க சூய்யாக் டவுனுக்குப் போனவன் தோளில் துப்பாக்கியோடு, டயர் இல்லாத சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தான். ஒரு கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளையின் மாமனிடமிருந்து ஒன்று வாங்கி வந்தான். ஒவ்வொன்றுக்கும் போலீஸ் அனுமதி எடுத்தான், எண்ணெய் போட்டுத் துடைத்தான், அலமாரியில் நிறுத்தினான். அடுத்த வாரமே அலமாரியைத் திறக்கப் பிடிக்காது.

அறுபதாம் வருஷப் புயலில் வீட்டுக் கூரை பறந்து போனது. அப்போதிருந்து காமாட்சி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “ஒரு அறை போதும் தம்பி. மேல சிமெண்டுத் தளம் போட்டு. மழ பேஞ்சா அந்தத் தகரச் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது.” மூன்று தடவை அவள் அதற்காகக் காசு சேர்த்தாள். மூன்று தடவையும் அது துப்பாக்கியாகி அலமாரிக்குள் போனது. மூன்றாவது தடவை அவள் திட்டவில்லை. சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, “இது எந்த அறை தம்பி? சமையல் கட்டா, படுக்கையா?” என்று கேட்டாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

போன ஆகஸ்டில் தேர்தல் முடிந்து, நாடு சுதந்திரம் வாங்கித் தனியாகப் போகிறது என்று உறுதியானதும் வெள்ளைக்காரக் குடும்பங்கள் மூட்டை கட்ட ஆரம்பித்தன. டர்பனுக்குச் சிலர், ஆஸ்திரேலியாவுக்குச் சிலர். பியானோ, கண்ணாடி அலமாரி, நாற்காலி, நாய் எல்லாம் விற்பனைக்கு வந்தன. துப்பாக்கிகளும் வந்தன. அவற்றைக் கண்ணால் பார்க்காமலிருக்கப் பழனியாண்டி வேலைக்குச் சுற்று வழியில் போனான். கார்த்திகையில் ஒருநாள் தோட்டத்தின் சின்ன மானேஜர் இவ் துரை, ஊர் வழக்கில் மிஸ்ஸே இவ், அவனைக் கூப்பிட்டு, வராந்தாவில் வைத்து அந்தத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார். துப்பாக்கிக்குப் பேர்போன சேந்த் எத்தியென்னில் செய்தது. இருபது வருஷமாக அவன் தூரத்திலிருந்தே பார்த்து வந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, தொப்பியைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு ஓடி வந்தான்.

“அக்கா, என்னக் கட்டிப் போடு” என்றான்.

அவள் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து, சிரிப்பதை நிறுத்திவிட்டு மஞ்சளும் கயிறும் எடுத்து வந்தாள். காவடிக்குத் தையில்தான் காப்புக் கட்டுவார்கள். இவன் கார்த்திகையிலேயே கட்டிக்கொண்டான். கையில் காப்பு இருக்கும்வரை துப்பாக்கி வாங்குவதில்லை என்று பேச்சு. கறி இல்லை, ரம் இல்லை. “மான் வேட்டைக்காரன் முருங்கைக்கீர தின்னுறான்” என்று சிநேகிதன் ரேமோன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். பழனியாண்டிக்கு அது உறைக்கவில்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான். காமாட்சி நான்காவது தடவையாகச் சேர்த்தாள்.

“நேரம் போகுது” என்றார் பூசாரி.

பழனியாண்டி கையை நீட்டினான். கத்தி பட்டதும் கயிறு அறுந்து பாலில் விழுந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் போய் அரிசியை எடுத்து அக்காவின் வாயில் போட்டான். விரல் அவள் மோவாயில் பட்டது. அடுப்பு அணைந்த சட்டியைப்போல் இருந்தது.

பெண்கள் சுற்றி வந்தார்கள். கூட்டம் சற்று விலகியதும் ஜோசெட் எழுந்து வந்து அவன் கையில் ஒரு சாவியைத் திணித்தாள்.

“உங்கக்கா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்தா. கட்டிலுக்கு அடியில இருக்க தகரப் பெட்டிச் சாவி. இனி உன்னோடது” என்றாள். “சந்தோஷமா இரு.”

அந்த நேரத்தில்தான் ரேமோன் வந்தான். தோட்டத்து மெக்கானிக். துப்பாக்கி ரிப்பேரும் செய்வான். சாவுக்கென்று கறுப்புக் கோட்டு போட்டிருந்தான். பெட்டிக்கு முன்னால் நின்று சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். பிறகு பழனியாண்டியின் முழங்கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனான். அங்கே குழாயடியில் நின்றுகொண்டு ஷூவைப் பார்த்தபடி பேசினான்.

“இன்னைக்குச் சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம விட்டா ஆயுசுக்கும் நீ என் மூஞ்சியில முழிக்க மாட்ட.”

“என்ன?”

“மிஸ்ஸே இவ் நாளைக்குக் கப்பல் ஏறுறார். அக்கா செய்தி கேட்டு வருத்தப்பட்டார். ரோஸ் பெல் ஊர்க்காரன் ஒருத்தன் அத வாங்க சாயந்தரம் வர்றான். அவர் என்ன சொன்னார்னா, பழனிக்குத்தான் அதோட அரும தெரியும், அவன் குடுக்குறதக் குடுக்கட்டும், முதல்ல அவன்கிட்ட காட்டுன்னு…”

“எங்க இருக்கு?”

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்று அவனுக்கே தெரிந்தது.

“கார்ல. பின்னால. துணியில சுத்தி வச்சிருக்கேன்.” ரேமோன் தலையைச் சொறிந்தான். “நான் மிருகம்டா பழனி. போயிடவா?”

பழனியாண்டி கார் நின்ற பக்கம் பார்த்தான். உள்ளே அழுகை உயர்ந்தது. பெட்டியை மூடப் போகிறார்கள்.

தோட்டத்து லாரியில் பெட்டியை ஏற்றினார்கள். லாரி மெதுவாகப் போக, ஆண்கள் பின்னால் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ரேமோனின் சின்னக் கார் உறுமிக்கொண்டு ஊர்ந்து வந்தது. முன்னால் அக்கா, பின்னால் அது, நடுவில் தான். பழனியாண்டியின் முதுகு முழுக்கக் காதாக இருந்தது. மேட்டில் கார் கியர் மாற்றும்போதெல்லாம் துணிக்குள் அது லேசாக உருண்டிருக்கும் என்று நினைத்தான். சரியாகச் சுற்றியிருப்பானா? குழல் எதிலாவது இடித்தால்? தலையை உதறிக்கொண்டு லாரியைப் பார்ப்பான். பத்தடி போவதற்குள் மறுபடியும் காது பின்னால் போய்விடும். பக்கத்தில் நடந்த ஒரு கிழவர், “அழுதுரு தம்பி, உள்ள வச்சுக்காத” என்று முதுகைத் தட்டினார்.

கல்லறையில் ஒருவர் தேவாரம் பாடினார். பாடியவருக்கே பாதி வார்த்தைகளுக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் குரல் உடைந்தது. பழனியாண்டி மூன்று பிடி மண் போட்டான். மற்றவர்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். பெட்டி மறைந்தது.

திரும்பும்போது ரேமோன் கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தான். பழனியாண்டி ஏறிக்கொண்டான். கரும்பு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நின்ற இடத்தில், “நிறுத்து” என்றான்.

“பழனி, வேணாம்.”

“ஒரு தடவ பாக்குறேன்.”

துணியைப் பிரித்தான். கையில் கல்லறை மண் இருந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தான். மறந்திருந்த எடை அல்ல, கார்த்திகையிலிருந்து தினமும் கையிலேயே இருந்த எடை. மடக்கிக் குழல் வழியாக வானத்தைப் பார்த்தான். இரண்டு வட்டங்கள், ஒரு புள்ளி துரு இல்லாமல். மேற்கே மேகம் கட்டியிருந்தது. அதுவும் அந்த வட்டங்களுக்குள் அழகாக இருந்தது. பூட்டினான். யாரோ வாயை மூடிக்கொண்டார்கள்.

அப்போது காலையில் நடந்ததன் மிச்சம் நினைவுக்கு வந்தது. ஜோசெட் காமாட்சியைக் கட்டிலில் சாய்த்து, கண்ணை மூடிவிட்டு, போயிட்டா என்று சொன்னாள். அழுகை வருவதற்கு முன்னால், அக்கா என்ற வார்த்தை வருவதற்கு முன்னால், அவன் தலைக்குள் ஒரு குரல் தெளிவாகச் சொன்னது: இனி தளம் வேண்டாம்.

அவனுடைய குரல்தான்.

இப்போதும் அது தப்பாகப் பேசவில்லை. யாருக்கு அறை? அவனுக்கா? மழைச் சத்தத்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது. காப்பு அறுந்தாயிற்று, அறுக்கச் சொன்னவர் பூசாரி. கட்டியவள் மண்ணுக்குள். பெட்டிச் சாவி சட்டைப் பையில். உலகத்தில் இதைவிடச் சுலபமான காரியம் வேறு கிடையாது. கதவைத் திறந்து கரும்பு ஓரத்தில் குனிந்து ஓங்கரித்தான். ஒன்றும் வரவில்லை, காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு, “வீட்டுக்கு விடு” என்றான். “காசு அங்க இருக்கு.”

ரேமோன் துப்பாக்கியைத் துணியில் சுற்றினான்.

வீட்டு வாசலில் ஜோசெட் வாளியில் தண்ணீரும் மஞ்சளும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கல்லறையிலிருந்து வருகிறவன் குளிக்காமல் உள்ளே நுழையக் கூடாது. பழனியாண்டி வாளியைத் தாண்டிக்கொண்டு நேராக உள்ளே போனான்.

“டேய்! குளிக்காம போறான் பாரு!”

காமாட்சியின் கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப் பெட்டியை இழுத்தான். திறந்தான். மேலே ஒரு புதுப் புடவை, அதற்குக் கீழே துணி முடிச்சு. முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். ஜோசெட் அவன் கையைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று அவள் முகம் சொன்னது.

“இன்னைக்கேவா?” என்றாள் மெதுவாக. கத்தியிருந்தால் தேவலாம். “மண்ணு இன்னும் ஈரமா இருக்குடா.”

அவன் காரில் ஏறிக்கொண்டான். ரேமோன் இஞ்சினை அணைத்துவிட்டு, துப்பாக்கியை எடுக்கப் பின்பக்கம் போகக் கதவைத் திறந்தான்.

“ஏறு” என்றான் பழனியாண்டி. “ஜான்-க்ளோட் கடைக்குப் போ.”

“அங்க எதுக்கு?”

“சீக்கிரம் போ ரேமோன். தயவு செஞ்சு சீக்கிரம் போ.”

ஜான்-க்ளோட் பெரிய தெருவில் இரும்பும் சிமெண்டும் விற்கிறவன். கடைக் கதவின் ஒரு பாதியை மூடிவிட்டிருந்தான். பழனியாண்டி மற்றப் பாதி வழியாக நுழைந்து துணி முடிச்சை மேசைமேல் வைத்தான்.

“சிமெண்டு” என்றான்.

ஜான்-க்ளோட் தொப்பியைக் கழற்றினான். “கேள்விப்பட்டேன் பழனி. நல்ல பொம்பள. கல்லறை கட்டவா? அதுக்கு அவசரம் இல்ல, மண்ணு அமுங்கட்டும்…”

“இதுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு.”

ஜான்-க்ளோட் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தான். “இவ்வளவுக்குமா? வீடே கட்டலாமே. கொத்தனார் பாத்துட்டானா?”

“இல்ல.”

“மழ வருது. வச்ச எடத்துலயே கல்லாப் போயிடும். கொஞ்சம் இப்ப எடு, மிச்சத்த அப்புறம்…”

“எல்லாத்துக்கும். இப்பவே லாரில ஏத்து.” பழனியாண்டி மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். “இன்னொண்ணு. நாளைக்கு நான் வந்து திருப்பி எடுத்துக்கன்னு கேப்பேன். எடுக்க மாட்டேன்னு சொல்லு.”

“என்னது?”

“சொல்லு ஜான்-க்ளோட்.”

ஜான்-க்ளோட் ரேமோனைப் பார்த்தான். ரேமோன் சுவரில் தொங்கிய ஆணிப் பொட்டலங்களைப் பார்த்தான்.

“எடுக்க மாட்டேன்.”

“கால்ல விழுந்தா?”

“விழுந்தாலும் எடுக்க மாட்டேன். போதுமா? உக்காரு. தண்ணி குடி.”

பழனியாண்டி உட்காரவில்லை. வெளியே வந்ததும் ரேமோன் காரின் பின்பக்கத்தில் கை வைத்துக்கொண்டு, “அப்ப இது?” என்றான்.

“ரோஸ் பெல்காரனுக்குக் குடுத்துடு. நான் திரும்பி நின்னுக்கறேன். நீ போ.”

சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். கார் கிளம்பியது. மேட்டில் கியர் மாறியது. அதன் பிறகும், சத்தம் முழுக்க ஓய்ந்த பிறகும், அவன் திரும்பவில்லை. சிமெண்டு லாரிக்காரன் வந்து தோளைத் தொட வேண்டியிருந்தது.

லாரி மூட்டைகளை முற்றத்தில் இறக்கிவிட்டுப் போனபோது இருட்டத் தொடங்கவில்லை, ஆனால் மேகம் தலைக்குமேல் வந்துவிட்டது. ஜோசெட் அதே வாளியோடு அங்கேயே இருந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்து, வேறொன்றைச் சொன்னாள்.

“எங்க வைக்கப் போற? எல்லா எடமும் ஒழுகுதே.”

“அக்கா கட்டில் கிட்ட ஒழுகாது.”

ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கூடத்தில் பெட்டி இருந்த இடத்தில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவன் கால் இடறாமல் இருக்க ஜோசெட் அதை எடுத்துச் சுவரோரமாக நகர்த்தி வைத்தாள். கட்டிலின்மேல் அடுக்கினான். கட்டிலைச் சுற்றி அடுக்கினான். தலைமயிர், புருவம், சாவுக்குப் போட்ட வெள்ளை வேட்டி எல்லாம் சாம்பல் நிறமாயின. தகரத்தின்மேல் முதல் துளிகள் விழுந்தன.

கடைசி மூட்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. அதைத் தோளில் போட முடியவில்லை. இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தான். கட்டிலில் இடமில்லை, தரையிலும் இல்லை. கிழிசல் வழியாகப் பொடி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

“கீழ வை பழனி” என்றாள் ஜோசெட்.

மழைச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்டிருக்காது. அவன் அதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.